ஐந்து நிமிடச் சேலை

உலகத்திலேயே முதன்முதலாகச் சேலையை ஐந்து நிமிடத்தில் உடுத்த வைத்தவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கருப்பாயி அக்கா. உலகம் என்றால் உலு திராமில் தொடங்கி ஜொகூர் பாலம் வரைக்கும் போகிற உலகம். அதற்கு அப்பால் இருப்பது சிங்கப்பூர், அதை நான் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு முன்னால் இங்கே ஒரு பெண்ணுக்கு முகூர்த்தச் சேலை கட்டிவிட நாலு பேர் வேண்டும். மடிப்பு வைக்க ஒருத்தி, ஊக்கு எடுத்துக் கொடுக்க ஒருத்தி, மாப்பிள்ளை வீட்டார் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ள ஒருத்தி, இந்த மூன்று பேரையும் குறை சொல்ல ஒருத்தி. கட்டி முடிப்பதற்குள் ஐயர் இரண்டு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். அக்காவின் சேலை வந்தபிறகு பெண் அதைப் பாவாடை மாதிரி இடுப்பில் மாட்டி, பக்கவாட்டில் இருக்கும் வெல்க்ரோ ஒட்டு நாடாவை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். மடிப்பெல்லாம் உள்ளே தைத்தே இருக்கும். மாப்பிள்ளைகள்தான் பயந்துபோனார்கள், இவ்வளவு சீக்கிரம் வருவாள் என்று எவனும் எதிர்பார்க்கவில்லை.

நான் தண்ணீர் மீட்டர் படிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன், பெயர் லூயிஸ். வேலைக் காலம் முழுவதும் அடுத்தவர் வேலியோரம் குனிந்தே கிடந்ததில், எந்த வீட்டில் யார் குளிக்கிறார்கள், யார் குளிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு அந்தத் தகுதி போதும்.

அக்கா பிறந்தது காஹாங்கில், ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில். வயசுக்கு வந்த சூட்டோடு களைக்கு மருந்தடிக்கப் போனார். அந்தக் காலத்தில் மருந்தடிக்கும் பெண்கள் கைலிக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைக் கட்டி, முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்துகொண்டு போவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சோளக்கொல்லைப் பொம்மைகள் வரிசையாக எழுந்து நடப்பது போல இருக்கும். அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் அப்பாவின் சட்டையைப் பிரித்து, இடுப்புக்குப் பிடிப்பு வைத்து, தொட்டி உரசுகிற முதுகுப் பக்கம் துணியை இரட்டையாகக் கொடுத்துத் தைத்தார். திங்கட்கிழமை விடியற்காலை பெரட்டுக்களத்தில் அதைப் போட்டுக்கொண்டு பேர் கொடுக்க நின்றபோது, பேர் எழுதுகிற கிராணியின் பேனா தானாகவே கீழே விழுந்ததாம். அடுத்த மாதம் அந்தத் தோட்டத்தில் ஒரு ஆணுக்கும் முழுக்கைச் சட்டை மிச்சமில்லை. 'பொம்பளைங்க நடக்கிற நடையில மருந்து பூரா தரையில ஊத்துது, புல்லு அப்படியே நிக்கிது' என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் புகார் செய்தார். அந்த வருஷம் புல் வளர்ந்த உயரத்தில் எண்டாவ் காட்டு யானைகள் வழி தெரியாமல் தோட்டத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தின. அக்காவை வேலையில் இருந்து நிறுத்தினார்கள்.

பிறகு பத்து பகாட் என்கிற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலை. அங்கே அவருக்குக் கொடுத்த வேலை கால்சட்டைக்கு இடது பை தைப்பது. வருஷக்கணக்கில் இடது பை. வலது பை தைத்தவள் வேறொருத்தி, இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதே கிடையாது. அங்கேயே லாரி ஓட்டுநர் மூர்த்தியைக் கட்டிக்கொண்டு உலு திராமுக்கு வந்தார். மூர்த்தி ஒருநாள் தாய்லாந்துப் பக்கம் சரக்கு ஏற்றிக்கொண்டு போய், சரக்கோடு சரக்காக அங்கேயே இறங்கிவிட்டார். கையில் ஒரு பையன், ரூபேந்திரன். அடுப்பில் ஒன்றுமில்லை.

அப்போது வேலை கொடுத்தது பெட்டிக்கார சதாசிவம். சவப்பெட்டி விற்பவர். கல்யாணத்துக்கு யாரும் அழைக்கமாட்டார்கள், எழவுக்கு அழைக்காமலேயே வந்துவிடுவார். பெட்டிக்கு உள்ளே வெள்ளை சாட்டின் துணியை மடிப்பு மடிப்பாக வைத்துத் தைப்பது அக்காவின் வேலை. "மடிப்பு கலையவே கூடாது லூயிஸு. படுக்கிறவங்க எந்திரிச்சி வந்து சரி பண்ணிக்க மாட்டாங்க பாரு" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். மடிப்பைத் துணிக்கு உள்ளேயே பூட்டி வைக்கிற தையலை அக்கா கற்றுக்கொண்டது அந்தப் பெட்டிகளில்தான்.

இனிமேல் சொல்லப்போவதை, வீட்டு ஆட்களைத் தவிர, அக்கா என்னிடமும் என் மனைவி பேட்ரிசியாவிடமும் மட்டும் சொல்லியிருந்தார். இதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடமில்லை.

மலர் என்று ஒரு பெண். பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. கல்யாணத்துக்குச் சேலை எடுத்துவிட்டார்கள், பாக்கு நிறத்தில் பட்டு. தொழிற்சாலை பஸ் கவிழ்ந்து செத்துப்போனாள். அறுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்த உடம்பு, விறைத்துப்போயிருந்தது. அவளுடைய அம்மா அந்தக் கல்யாணச் சேலையைத்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். விறைத்த உடம்புக்கு ஆறு கெஜத்தைச் சுற்ற முடியாது. இந்தத் தொழிலில் ஒரு வழி உண்டு. துணியை முதுகுப் பக்கம் மேலிருந்து கீழாகக் கிழித்து, முன்னால் இருந்து போர்த்தி, ஓரங்களை உடம்புக்கு அடியில் செருகிவிடுவார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு முன்பக்கம் மட்டும்தானே தெரியும். சதாசிவம் கத்தரிக்கோலை எடுத்ததும் அந்த அம்மா அவர் கையைக் கடித்துவிட்டார். "எம் பொண்ண ஏற்கெனவே கிழிச்சிட்டாங்க. சேலையவாச்சும் முழுசா விடுங்கய்யா."

அக்கா அந்தச் சேலையை வாங்கிப்போய், மடிப்புகளை உள்ளே பூட்டி, கொசுவத்தைப் பட்டையில் தைத்து, முந்தானையைத் தோளோடு சேர்த்து, பின்பக்கம் ஒட்டு நாடா வைத்தார். முன்னால் இருந்து சட்டை மாட்டுவது போல மாட்டி, அடியில் ஒட்டினால் போதும். மாட்டும்போது ஒரு ஆள் குறைந்தது. கடைக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த ரூபேந்திரனைக் கூப்பிட்டார். மலரின் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது அவன்தான். சேலையில் ஒரு நூல் அறுபடவில்லை. மலர் எழுந்து மண்டபத்துக்குப் போய்விடுவாள் போல இருந்தாள். அவள் அம்மா அந்த வருஷமே போய்ச் சேர்ந்தார்.

கொஞ்ச நாளில் பிரேமலா என்று ஒரு மணப்பெண், மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து கையில் மாவுக்கட்டோடு வந்தாள். கையைத் தூக்க முடியாதவளுக்கு யார் சேலை கட்டிவிடுவது? அக்கா திறப்பைப் பின்பக்கத்தில் இருந்து பக்கவாட்டுக்கு மாற்றினார். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பெண்கள் மறுநாள் அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். மீதிக் கால்வாசிக்கு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு கடை, கடைக்கு மேல் மாடி, மாடியில் பத்து ஆள் படுக்கிற அளவுக்கு வெட்டு மேசை. ஜொகூர் முழுக்கப் பெயர். அக்காவின் வாயும் அதே வேகத்தில் வளர்ந்தது. கறுப்பான பெண் வெளிர் நிறம் கேட்டால், "இந்த கலரு ஒன்ன பாத்து பயப்படுதும்மா" என்பார். பிடிவாதம் பிடிக்கிற மணப்பெண்ணின் அம்மாவிடம், "கல்யாணம் ஒங்களுக்கா? ரெண்டாந்தாரமா?" என்பார். அழுதுகொண்டு போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் வேறு எவராலும் அப்படி வெட்ட முடியாது. ஊசி பிடிக்கத் தெரியாத மருமகளிடம் அக்கா எப்படி நடந்துகொண்டார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கல்யாணமான புதிதில் ஷர்மினி ஆசையாக ஒரு ரவிக்கை தைத்துக் காட்டினாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோழிக்கா?" என்று கேட்டார். ஷர்மினி அதை மறக்கவே இல்லை.

ஷர்மினிக்கு ஊசிதான் வராது, மற்ற எல்லாம் வந்தது. கடைக்குக் குளிர்சாதனம், கைப்பேசியில் வீடியோ, சிங்கப்பூரில் இருந்து கல்யாணக் கூட்டம். சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்று பங்கு சேர்ந்து அங்கேயும் கடை திறப்பதாகப் பேச்சு. இந்த நேரத்தில்தான் ஒரு டத்தின், பட்டம் வாங்கிய பெரிய மனிதரின் மனைவி, கல்யாண வயசில் மூன்று பெண் வைத்திருப்பவர், தனக்கே ஒரு சேலை அளவெடுக்க வந்தார். அக்கா அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு, "கூடாரம் வாடகைக்கு விடுற கடை அடுத்த தெருவுல இருக்கு டத்தின்" என்றார்.

மறுநாள் மாடிக்குப் புதுப் பூட்டு. சாவி ஷர்மினியின் கைப்பைக்குள்.

வெட்டாமல் அக்காவால் இருக்க முடியவில்லை. வீட்டில் உட்கார்ந்து நாளிதழை வெட்டினார். எங்கள் வீட்டு நாளிதழையும் வெட்டினார். நான் தேவாலயத்தில் இருந்து கொண்டுவந்த ஞாயிறு அறிக்கையும் ஒரு குழந்தைச் சட்டையின் கைப்பகுதி ஆனது. அந்த மாதங்களில் உலகத்தில் நடந்த எதுவும் எனக்கு முழுசாகத் தெரியாது. பிரதமர் படத்தில் பாதியைத்தான் பார்ப்பேன்.

அக்காவுக்குப் பட்டம் கொடுக்கப் போவதாகப் பெண்கள் சங்கம் ஒன்று சொன்னது அப்போதுதான். ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த ஹோட்டலில் மதிய விருந்து, 'முன்னோடி ஆடை வடிவமைப்பாளர்' என்று கேடயம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, பேட்ரிசியா கொடுத்தனுப்பிய மீன் சம்பலோடு நான் போனபோது, சமையலறையில் மாமியாரும் மருமகளும் நின்றிருந்தார்கள். ரூபேந்திரன் தட்டில் முகத்தைப் புதைத்துப் பசியாறிக்கொண்டிருந்தான். அவன் தினமும் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போய் வருகிறவன். அங்கே குடிநுழைவு அதிகாரியிடம் தலையாட்டிப் பழகி, வீட்டிலும் அதே தலையாட்டல்தான்.

"மம்மி, இத படிச்சா போதும். ரெண்டே நிமிஷம்" என்று ஷர்மினி கைப்பேசியை நீட்டினாள். "பாரிஸுக்கு போயிருந்தப்ப, அங்க ஒரு ஆர்கிட் பூ விரியறத பாத்தீங்களாம். அப்பதான் இந்த ஐடியா வந்துச்சாம்."

"பாரிஸு எங்க இருக்கு? பத்து பகாட் தாண்டியா?"

"மம்மி, ப்ளீஸ்லா."

"நான் போன வெளியூரு பாத்தாம் தீவுதான். அங்கயும் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டே போனேன். பூவ எங்க பாத்தேன்?" அக்கா சம்பலைத் திறந்து மோந்து பார்த்தார். "பேட்ரிசியா புளி கம்மியா போட்டுட்டா. கேளுடி, அந்த மேடையில நான் மலர் பேர சொல்லுவேன். மொதல்ல உடுத்தினவ அவதான். அவ பேருதான் மொதல்ல வரணும்."

ஷர்மினி குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா என்னா ஆவும் தெரியுமா? எழவு வீட்டுத் துணிய எம் பொண்ணுக்கு மாட்டிட்டியான்னு ஜொகூரே வாசல்ல வந்து நிக்கும். ஏற்கெனவே கல்யாணம் ஆனதுங்க, புள்ள இல்லாததுங்க, புருஷன் ஓடிப்போனதுங்க, எல்லாம் நம்ம சேலையாலதான்னு சொல்லும். சிங்கப்பூர்க்காரன் ஓடிடுவான். ஒங்க பேரும் சேந்துதான் எரியும்."

"அப்ப சாவிய குடு. வாய மூடிக்கிறேன்."

"கை நடுங்குது மம்மி. போன வருஷம் ஒரு பட்ட கோணலா வெட்டினீங்க."

"பட்டு கோணல் இல்ல. அந்தப் பொண்ணு கோணல்."

"மறந்துடறீங்க. நேத்து அடுப்ப அணைக்காம போனீங்க."

"அடுப்ப வச்சது நீ!"

"பாருங்க, யாரு வச்சாங்கன்னே ஞாபகம் இல்ல." ஷர்மினி இதை என்னைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவு இனிமையாக ஒருவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை, நானே அந்தத் துறையில் கொஞ்சம் பேர் வாங்கினவன். "லூயிஸ் அங்கிள், நீங்களே பாக்கறீங்கதானே?"

"நான் சம்பல் குடுக்க வந்தேம்மா" என்றேன்.

அக்கா மகனைப் பார்த்தார். "டேய் ரூபன். நீ சொல்லு. சாவி யாருக்கு?"

ரூபேந்திரன் மென்று விழுங்கினான். "ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்குங்களேன்மா."

"பேசிக்கிட்டுதானேடா இருக்கோம், அலமாக்! மாடு அசை போடற மாதிரி திங்கிற நேரத்துல ஒரு வார்த்தை சொல்லேன்."

அவன் எழுந்து தட்டைக் கழுவினான். மிக நன்றாகக் கழுவினான்.

அந்த வாரமே ஷர்மினி ஒரு வீடியோ போட்டாள். கண்ணில் தண்ணீர், பின்னணியில் புல்லாங்குழல். 'எங்க மம்மிக்கு இப்ப கொஞ்சம் ஞாபகம் தடுமாறுது. எதையாவது மாத்திச் சொன்னா அன்பா சிரிச்சிடுங்க, ப்ளீஸ்.' அந்த வீடியோவை ஜொகூரில் பார்க்காதவை கோத்தா திங்கிக் குரங்குகள் மட்டும்தான், அந்தப் பக்கம் சிக்னல் சரியில்லை. பசாரில் அக்கா மீன் வாங்கப் போனால், மீன்காரரே சில்லறையைக் கையில் வைத்து விரலை மடக்கிவிட்டார். "ஆண்ட்டி, வீட்டுக்குப் போற வழி தெரியுமா?" அக்கா அந்த மீனாலேயே அவரை அடித்தார். அதையும் யாரோ படம் பிடித்துப் போட்டார்கள். பாவம், பாவம் என்று ஊரே பின்னூட்டம் எழுதியது.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. மேடையில் பெண்கள் அக்காவின் சேலைகளைப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். நல்ல பிரியாணி, ஆனால் இறைச்சியைத் தேடுவதற்கு ஒரு வழிகாட்டி வேண்டியிருந்தது. அக்கா ஒரு சாட்சியைக் கூட்டிவந்திருந்தார், சதாசிவம். கோட்டு போட்டுக்கொண்டு எங்கள் மேசையில் உட்கார்ந்திருந்தார். யார் என்று தெரிந்ததும் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் மெல்ல நகர்ந்துபோயின. கை கொடுத்த ஒருவர் நேராகக் கழிவறைக்குப் போனார்.

அக்கா கேடயத்தை வாங்கிக்கொண்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். பாரிஸ் வரவில்லை. இடது பையில் தொடங்கினார், மலரில் முடித்தார். கடித்த கையையும், தூக்கிப் பிடித்த கையையும், பின்பக்க ஒட்டு நாடாவையும் ஒன்று விடாமல் சொன்னார். மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. மேடையோரம் மணப்பெண் அலங்காரத்தில் நின்ற பெண்கள் தங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"கதைன்னு நெனைக்காதீங்க. சாட்சி இருக்கு. சதாசிவம், எந்திரி."

சதாசிவம் எழுந்தார். வாயில் கோழி. மெல்ல மென்றுகொண்டே மண்டபத்தைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார், முதல் வரிசையில் சிங்கப்பூர்க்காரர்களோடு உட்கார்ந்திருந்த ஷர்மினியைப் பார்த்தார்.

"அக்கா பெரியவங்க" என்றார். "நான் பெட்டி விக்கிறவன். சேலைய பத்தி எனக்கு என்னாங்க தெரியும்? அப்படி ஒன்னும் நடக்கல."

நான் எழப் போனேன். பேட்ரிசியா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "உக்காருங்க. நீங்க சாட்சி சொன்னா இருக்கிற உண்மையும் பொய்யாயிடும்."

ஷர்மினி மேடைக்கு ஏறி அக்காவின் தோளை அணைத்துக்கொண்டாள். "மம்மி ரொம்ப ஆண்டு பெட்டிக்கு துணி தச்சவங்க. இப்ப ரெண்டும் கலந்து வருது. எங்களுக்கு மம்மி எப்பவும் மம்மிதான்." மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. பல பேர் அழுதார்கள். சிங்கப்பூர்க்காரரில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இடுப்பைத் தொட்டுப் பார்த்தவள்கூட அக்காவைக் கட்டிக்கொண்டு படம் எடுத்தாள். ஒரு மனுஷியின் வாழ்க்கையை அத்தனை பேர் சேர்ந்து அத்தனை அன்பாகப் பொய்யாக்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் சதாசிவம் குடையோடு ஓடிவந்தார். "அக்கா, கோவிச்சுக்காத. ஒன் நல்லதுக்குத்தான். நான் ஆமான்னு சொல்லியிருந்தா நாளைக்கே கடைய இழுத்து மூடியிருப்பாங்க. ஒன் பேரு கெடக்கூடாதுல்ல?"

"எம் பேரா?" என்றார் அக்கா. "எனக்கு ஏதுய்யா பேரு? ஒனக்குத்தான் நல்ல பேரு. நீ செத்தா ஒன்ன கோணியில சுத்தச் சொல்றேன். மடிப்பு வைக்காம."

சதாசிவம் குடையை அக்காவுக்குப் பிடித்தபடி தான் நனைந்துகொண்டே நின்றார். அந்த ஆளுக்கு இன்றுவரைக்கும் தான் என்ன தப்புச் செய்தோம் என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ரூபன், டாக்டர்கிட்ட போலாம். ஒன் பொண்டாட்டி சொல்றது நெசமான்னு டாக்டர் சொல்லட்டும். மறதி இருக்குன்னா நான் வாய தொறக்க மாட்டேன், மேசைய தொட மாட்டேன், ஊட்டுல கெடக்கிறேன். இல்லைன்னா மாடிச் சாவி எங்கையில. லூயிஸு, நீயும் கேட்டுக்க."

ஷர்மினி ஒரு நொடி யோசித்தாள். "ஓக்கே மம்மி. டாக்டர் சொன்னா குடுத்துடறேன். ஆனா ஒங்க மகன் கூட வரணும். வீட்டு ஆள்கிட்டயும் கேப்பாங்க." பிறகு புருஷனைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மீட்டர் வைத்திருந்தால் முள் உடைந்திருக்கும்.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த தேதியன்று காரை ஓட்டியது நான்தான். அக்கா முன்னால் உட்கார்ந்தார், சாம்பல் நிறச் சேலை, கஞ்சி போட்டது. ரூபேந்திரன் பின்னால், கைப்பேசியைக் கவிழ்த்துத் தொடையில் வைத்துக்கொண்டு. டாக்டர் சின்ன வயசு மலாய்ப் பெண், பூப்போட்ட பாஜு குரோங் உடுப்பு, நல்ல சிரிப்பு. "பாக்சிக்கும் உக்காருங்க" என்று, மாமா முறை வைத்து, எனக்கும் கதவோரம் ஒரு நாற்காலி காட்டினாள். எல்லாம் மலாயில்தான் நடந்தது. அக்காவுடையது பசார் மலாய், ஆனால் வேகத்தில் குறைவில்லை.

இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், நாம் எந்த ஊரில் இருக்கிறோம்? எல்லாவற்றுக்கும் டாக்டர் கேட்டு முடிக்கும் முன்னே பதில் வந்தது. மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். அக்கா மூன்றையும் நேராகவும் தலைகீழாகவும் சொன்னார். நூறில் இருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது, அளவு நாடாவைப் பார்த்துப் படிப்பது போல இறங்கிக்கொண்டே போனார். டாக்டர்தான் இடையில் விரல் விட்டு எண்ணினாள். கடிகாரம் வரையச் சொன்னாள். அக்கா கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வட்டம் போட்டார். பாத்திரத்தை வைத்து வரைந்தால்கூட அப்படி வராது. கை நடுங்கியதா என்றால், என் கண்ணுக்குத் தெரியவில்லை.

"ஒங்க தோள்பட்டைய தப்பா எறக்கி வச்சிருக்கான் டாக்டர்" என்றார் அக்கா. "எந்தத் தையக்காரன்? விரல ஒடிக்கணும்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்ன வேலை பாத்தீங்க மாக்சிக்? கொஞ்சம் சொல்லுங்க."

அக்கா சொன்னார். காஹாங், பத்து பகாட், சவப்பெட்டி, மலர். "அந்தப் பொண்ணோட கைய தூக்கிப் புடிச்சது இவன்தான். சின்னப் பையன். கை சில்லுன்னு இருக்குதும்மான்னான். விட்டுடாதடான்னேன். கடைசி வரைக்கும் விடல."

இது எனக்குப் புதுசு. அக்கா எங்களிடம் இந்தப் பகுதியைச் சொன்னதில்லை.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு ரூபேந்திரன் பக்கம் திரும்பினாள். இது மட்டும்தான் தனக்குச் சரிபார்க்கத் தெரியாத பகுதி என்றும், வீட்டிலிருந்து மருமகள் எழுதி அனுப்பிய குறிப்பில் இப்படி ஒரு சம்பவமே கிடையாது என்று இருப்பதாகவும் சொன்னாள். "நீங்கதான் சொல்லணும். இது நடந்ததா?"

அக்கா நாற்காலியில் முழுசாகத் திரும்பி மகனைப் பார்த்தார். கோபமாக இல்லை. சட்டை தைத்து முடித்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

தொடையில் கைப்பேசி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை. அது அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. ரூபேந்திரன் தன் வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"இல்ல டாக்டர்" என்றான். "அப்படி ஒன்னும் நடக்கல. இதான்... இதான் வீட்டுல பிரச்சினை."

டாக்டரின் முகம் வாடியது. அவளுக்கு அக்காவைப் பிடித்துப்போயிருந்தது, அது நன்றாகவே தெரிந்தது. இன்னும் ஒரு கேள்வி கேட்டு எப்படியாவது தூக்கிவிடப் பார்த்தாள். "பரவாயில்ல மாக்சிக். மத்ததெல்லாம் ரொம்ப நல்லா சொன்னீங்க. கடைசியா ஒன்னே ஒன்னு, சுலபமானது. பக்கத்துல உக்காந்திருக்காரே, இவரு யாரு?"

அக்கா அவனை மேலிருந்து கீழாக, தலைமுடி, காலர், பொத்தான், செருப்பு வரைக்கும் நிதானமாகப் பார்த்தார். துணிக்கடையில் ஒரு துணியை விரலால் நெருடிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பதைப் போலப் பார்த்தார். அந்த ஒரு பதிலில் மாடிச் சாவி கிடக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"தெரியாதே" என்றார்.

"அம்மா" என்றான் ரூபேந்திரன்.

"நல்லா பாருங்க மாக்சிக். அவசரமே இல்ல."

"நல்லா பாத்துட்டேன் டாக்டர். இந்த ஆள நான் பாத்ததே இல்ல."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். நிறைய எழுதினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவதாகவும், இனி தனியாக வெளியே விட வேண்டாம் என்றும், கத்தி, கத்தரிக்கோல், அடுப்பு எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லியும், ரூபேந்திரனிடம் மிக மென்மையாக எடுத்துச் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கண்ணில் இருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை. டாக்டர் அவனுக்கு ஒரு காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

திரும்பி வரும்போது வெயில் கொளுத்தியது. அக்கா முன் இருக்கையில் இருந்தபடி எனக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார். "அந்த லேன்ல போவாத லூயிஸு, தொழிற்சாலை லாரி நிக்கும். இந்த மூலை வீடு பாரு, பச்ச கேட்டு, இதுல மூணு பொண்ணு, மூணுக்கும் நாந்தான். ரெண்டாவது பொண்ணுக்கு இடுப்பு கொஞ்சம் எறக்கி வச்சேன்." ஒரு சந்தும் தப்பவில்லை. பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. நான் வானொலியைப் போடப் போனேன், அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

எங்கள் வீடுகள் இருக்கும் தாமானுக்குத் திரும்பும் விளக்கில் சிவப்பு விழுந்தது. அக்கா மெல்லப் பின்னால் திரும்பினார். வெளியாரிடம் பேசுகிற மரியாதைக் குரலில் கேட்டார்.

"தம்பி, நீங்க எங்க எறங்கணும்?"